ஊசியா, ஆப்ப சோடாவா, முள் அச்சா: கண்ணாடி மணிக்குள் குமிழ் பிடிக்கும் வழிகள்

எரிவாயு டார்ச் சுடரில், மாலையில் கோக்கும் கண்ணாடி மணி செய்பவர்கள் நாலு பேர் கூடினால் குமிழைப் பற்றிய பேச்சு வராமல் போகாது. ஊசியால் குத்திக் காற்றைப் பிடிப்பதா, ஆப்ப சோடாவைத் தூவுவதா, முள் வைத்த பித்தளை அச்சு வாங்குவதா என்று ஆளுக்கொரு கட்சி. நான் ஊசிக் கட்சி. குமிழை உண்டாக்க யாராலும் முடியும். அதன் மேல் தெளிந்த கண்ணாடியைப் போர்த்தி முடிக்கும்வரை அதைக் காப்பாற்றுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. எந்த முறையானாலும் அந்த ஒரு இடத்தில் நிறுத்தித்தான் எடை போட வேண்டும் என்பது என் வாதம்.

இந்தக் கட்சிகளுக்கு இத்தாலியின் முரானோ தீவில் மூதாதையர் உண்டு. வெனினி கண்ணாடிப் பட்டறைக்காகச் சிற்பி நெப்போலியோனே மார்த்தினுட்சி 1928-இல் கொண்டுவந்த ‘புலெகோசோ’ கண்ணாடி, உருகிய கலவைக்குள் வாயு கிளப்பும் பொருளைச் சேர்த்து நுரைக்க வைத்தது. உள்ளே பார்வை நுழையாத அளவுக்குக் குமிழ் நிறைந்த கனத்த ஜாடிகள் அதில் வந்தன. அதே தீவின் ‘புல்லிகாந்தே’ இதற்கு நேர் எதிர். முள் பதித்த அச்சில் கண்ணாடி உருண்டையை அழுத்திக் குழிகளை உண்டாக்குவார்கள்; பிறகு உலையில் இருக்கும் கண்ணாடிக் குழம்பில் மறுபடி முக்கி எடுப்பார்கள். குழி ஒவ்வொன்றும் வரிசை பிசகாத குமிழாகிவிடும். சோடாக்காரர்கள் முதல் வழியின் வாரிசுகள். அச்சுக்காரர்கள் இரண்டாம் வழியினர். ஊசி என்பது அந்த அச்சிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை முள்.

ஒப்பிடுவதற்கு முன் குமிழைப் பற்றி இரண்டு விஷயங்கள். நல்ல குமிழ் வெள்ளி முலாம் பூசியது போல மின்னும். கண்ணாடிக்குள் வரும் ஒளி, காற்றின் எல்லையில் ஏறத்தாழ 42 டிகிரியைவிடச் சாய்வாக விழுந்தால் அப்படியே திரும்பிவிடுகிறது. மினுமினுப்பு அதனால் வருகிறது. ஆகவே குமிழின் உட்சுவர் வழுவழுப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது, குமிழ் சுருங்கும். 900 டிகிரி செல்சியஸில் மூடிய காற்று 520 டிகிரிக்கு இறங்குவதற்குள் அதன் கன அளவு ஏறத்தாழ மூன்றில் இரண்டாகிவிடுகிறது. அதற்குக் கீழே கண்ணாடி இறுகிவிடுவதால் குமிழ் சுருங்காது, உள்ளழுத்தம்தான் குறையும். மெதுவாக ஆறவைக்கும் சூளையிலிருந்து எடுத்த மணியின் குமிழுக்குள் வெளிக்காற்றின் பாதி அழுத்தம்கூட இருக்காது. எனவே வேண்டிய அளவைவிடக் குழியைக் கொஞ்சம் பெரிதாகவே குத்த வேண்டும்.

இனி ஊசி. களிமண் பூச்சு காய்ந்த எஃகுக் கம்பியில் அடித்தள மணியைச் சுற்றி, கிராஃபைட் பலகையில் உருட்டிச் சமன் செய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஒரு வண்ணப் பொட்டு வைத்து உருக்கித் தட்டையாக்கி, அதற்கு மேல் தெளிந்த கண்ணாடியில் இன்னொரு பொட்டு. இப்போது சுடரைக் குறுக்கி, அந்தப் பொட்டின் நடுவை மட்டும் காய்ச்ச வேண்டும். மணி முழுவதும் சிவந்தால் காரியம் கெட்டுவிடும். பொட்டின் நடு ஆரஞ்சு நிறம் காட்டியதும் சுடரிலிருந்து விலக்கி, டங்ஸ்டன் ஊசியை நேராக இறக்கி உடனே எடுக்க வேண்டும். ஊசி குளிர்ந்திருக்க வேண்டும். சூடான ஊசி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நூலாக இழுத்து வரும். குழியின் விளிம்பு கூர்மையாக, அடியில் நிழல் விழும்படி தெரிந்தால் சரி. உடனே தெளிந்த கண்ணாடிக் குச்சியின் நுனியை உருக்கி, குழியின் வாய் மேல் வைத்து மூட வேண்டும். உருகிய கண்ணாடி குழிக்குள் இறங்காமல் விளிம்பைச் சுற்றித் தொட்டு உட்கார வேண்டும். அதற்குப் பிறகு அளவோடு காய்ச்சினால் உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. குழியின் ஓரங்கள் பரப்பு இழுவிசையால் தாமாகவே உருண்டு, குத்திய கூம்பு ஒரு முழு உருண்டையாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பூவின் மையத்தில் பனித்துளி வைத்தது போன்ற அந்த வேலை வேறு எந்த முறையிலும் வராது.

இதில் கெடுவது இரண்டு இடங்களில். குழி ஆழமில்லாமல் போனால் அடுத்த சூட்டிலேயே தூர்ந்துவிடும். அளவு மீறி ஆழமானால் ஊசி கம்பியின் பூச்சைத் தொட்டு, வெள்ளைத் துகளைக் கிளப்பிக்கொண்டு வரும். தெளிந்த கண்ணாடிக்குள் சிக்கிய அந்த அழுக்கை எடுக்க வழியே கிடையாது. ஊசி வேலைக்கு அடித்தளம் பருமனாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மெலிந்த மணியில் இந்த முறையை முயல்வது வீண்.

ஊசியின் பெரிய நன்மை வேறு. ஒரு குழியைக் குத்தி, அதை மூடி, பிறகு அடுத்ததற்குப் போகலாம். திறந்த குழி எதுவும் சுடருக்குள் காத்திருக்க வேண்டியதில்லை.

முள் அச்சு தோற்பது இந்த இடத்தில்தான். பார்ப்பதற்கு அச்சு கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்: மணியைக் காய்ச்சி அழுத்தினால் ஒரே அமுக்கில் வரிசை வரிசையாகக் குழிகள். முரானோ உலையில் இது பிரமாதமாக நடப்பதற்குக் காரணம், போர்வை ஒரே முக்கில், நொடிகளில் வந்துவிடுகிறது. டார்ச் மேசையில் உலைத்தொட்டி ஏது? நம் கையில் இருப்பது 5, 6 மில்லிமீட்டர் கனமுள்ள குச்சி. அதை உருக்கி உருக்கி, மணியைச் சுற்றிப் பட்டை பட்டையாக இழுக்க வேண்டும். முதல் பட்டை விழும்போது கடைசி வரிசைக் குழிகள் சுடரின் ஓரத்தில் இளகிக்கொண்டிருக்கும். முடிக்கும்போது ஒரு பக்கம் அழகான குமிழ்கள், மறுபக்கம் மொழுக்கென்று இருக்கும். அதற்கும் மேல், இரண்டு பட்டைகளுக்கு நடுவே சிக்கும் காற்று நீளமான கோடாக நின்று, அச்சு தந்த ஒழுங்கைக் கெடுத்துவிடும். பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்ட, ஓரத்திலிருந்து அழுத்தி இழுக்கத் தெரிந்தவர்களுக்கு அச்சு நல்ல கருவி. மற்றவர்கள் அந்தக் காசில் தெளிந்த கண்ணாடிக் குச்சி வாங்கிப் போர்த்திப் பழகலாம். கம்பியில்லாமல் செய்யும் கோலிக்கும் பதக்கத்துக்கும் நிலைமை வேறு. அங்கே மேலே பெரிய உருகிய கட்டி ஒன்றை ஒரே தடவையில் வைத்து மூடலாம் என்பதால் அச்சு தன் வேலையைச் செய்துவிடும்.

ஆப்ப சோடா மலிவு, எங்கும் கிடைக்கும், ஊசி பிடிக்கும் கைத்திறமையும் வேண்டாம். கிராஃபைட் பலகையில் ஒரு சிட்டிகை மெல்லியதாகப் பரப்பி, சூடான மணியை அதன் மேல் உருட்டி, உடனே தெளிந்த கண்ணாடியால் மூடுவார்கள். சோடியம் பைகார்பனேட் 100 டிகிரி வாக்கிலேயே சிதைந்து, கரியமில வாயுவையும் நீராவியையும் விட்டுவிடுகிறது. அப்படியென்றால் மணியில் பட்ட கணத்திலேயே வாயு பறந்துவிடாதா? பெரும்பகுதி பறந்துதான் போகிறது. ஆனால் எஞ்சி நிற்கும் சோடியம் கார்பனேட் 851 டிகிரியில் உருகி, கண்ணாடியில் இருக்கும் சிலிக்காவோடு வினைபுரிந்து மறுபடியும் கரியமில வாயுவை விடுகிறது. மூடிய பிறகும் குமிழ்கள் வளர்வது இதனால்தான்.

வளர்ச்சி நம் சொல் கேட்காது என்பதுதான் சோடாவின் குணம். இரண்டு குமிழ் சேர்ந்து ஒன்றாகும். ஒன்று மேலே கிளம்பி வாய் பிளக்கும். தூள் குவிந்த இடத்தில் குமிழின் உட்சுவர் மங்கி, வெள்ளி மினுக்கு போய்விடும். கடல்நுரை, பனிமூட்டம், பழங்காலக் கண்ணாடி போன்ற தோற்றம் வேண்டுமென்றால் அந்த மங்கல் குறையாகத் தெரியாது. வெளிர்நீலம், வெளிர்பச்சைத் தெளிகண்ணாடியில் நன்றாகவே எடுக்கும். கறுப்பு அடித்தளத்தில் நட்சத்திரம் போலக் குமிழ் வேண்டுமென்று சோடாவைத் தூவுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களுக்குக் கிடைப்பது சாம்பல் பூத்த கறுப்புதான்.

சோடாவுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. பேக்கிங் பவுடர் வேறு, ஆப்ப சோடா வேறு. பவுடரில் இருக்கும் மாவுப்பொருள் சுடரில் கருகிக் கரும்புள்ளியாக நிற்கும். சோடா பட்டதும் மஞ்சள் சுடர் கொழுந்துவிட்டு எரியும். அந்த மஞ்சளை வடிகட்டும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி இல்லாமல் அந்த வெளிச்சத்தில் மணியின் நிறமே தெரியாது.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் பேசுவதில்லை. மெல்லிய கண்ணாடி இழைகளை மணியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, உருக்காமல் அப்படியே போர்த்தினால் கட்டத்துக்கு ஒரு குமிழ் சிக்கும். முரானோவின் ‘ரெதிசெல்லோ’ கிண்ணங்களில் வலைக்கண் ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ் நிற்பது இதே தத்துவம்தான். இழைகள் மேடாக நிற்பதால் பள்ளங்கள் சீக்கிரம் தூர்வதில்லை. போர்த்துவதற்கு நேரம் கிடைக்கிறது. அச்சைவிட இது எவ்வளவோ மேல். இழை ஒட்டும் பொறுமைதான் எல்லோருக்கும் இருப்பதில்லை.

எந்த வழியில் போனாலும் கேட்காமல் வரும் குமிழ்களைத் தடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். குச்சியை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் கைப்பிசுக்கும் தூசியும் வாயுவாகும். தெளிந்த கண்ணாடியைச் சுடரின் நுனியிலிருந்து தள்ளி நிதானமாக உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பி, நாம் பார்த்துப் பார்த்து வைத்த குமிழ்களை மறைத்துவிடும். இப்படித் தற்செயலாக வந்த குமிழ்களே தொல்லியலாளர்களுக்குத் துப்பாகிவிடுவதும் உண்டு: புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த, குழாயாக இழுத்து நறுக்கிய மணிகளில் குமிழ்கள் துளைக்கு இணையாக நீண்டிருக்கும், கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையை வளைத்து ஓடும்.

சூளையில் பதப்படுத்துவதில் முறைக்கு முறை வித்தியாசமில்லை. குறைந்த சூட்டிலேயே இளகும் முரானோ வகை மென்கண்ணாடிக்கு 510 முதல் 520 டிகிரி வரை வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். ஆறிய பிறகு மணியை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். சோடா மணிகளில்தான் வாய் திறந்த குமிழ்கள் அதிகம் தட்டுப்படும். அவற்றை வைர அரத்தால் தண்ணீரில் தேய்த்துச் சமன் செய்யலாம் என்பார்கள். தேய்த்தாலும் அந்தக் குழியில் வியர்வையும் சோப்பும் போய் உட்கார்ந்து கறுத்துவிடும். அப்படிப்பட்ட மணியைக் காசு கொடுத்து வாங்குபவருக்கு நான் தரமாட்டேன்.