பங்கு யாருக்கு, லேப் யாருக்கு: வாட்டர்லூ, ஆக்ஸ்போர்டு, ஐஐடி மெட்ராஸ்

பல்கலைக்கழக லேபில் பிறந்த கண்டுபிடிப்பு கம்பெனியாக மாறும்போது முதல் சண்டை பங்கில்தான் வரும். கருவி, இடம், சம்பளம் எல்லாம் நாங்கள் கொடுத்தது என்று பல்கலைக்கழகம் சொல்லும், ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தது நான் என்று ஆராய்ச்சியாளர் சொல்லுவார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த ஏற்பாட்டில் கம்பெனி பிழைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆக்ஸ்போர்டில் ரொம்ப நாள் இருந்தது பாதிக்குப் பாதி: பல்கலைக்கழகத்துக்கு ஒரு பாதி, கண்டுபிடித்தவர்களுக்கு மறு பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று பேர் சேர்ந்து தொடங்கினால் ஆளுக்குச் சுமார் 17 சதவீதம், அப்புறம் முதலீட்டாளர்கள் இரண்டு சுற்றில் தலா 20 சதவீதம் எடுத்தால் மிஞ்சுவது 11 சதவீதம்கூட இல்லை. இது ஏன் கவலைப்பட வேண்டிய விஷயம் என்றால், இந்த மாதிரி கம்பெனிகள் சீக்கிரம் காசு பார்ப்பதில்லை. அங்கிருந்தே வந்த, டிஎன்ஏ படிக்கும் கருவி செய்யும் ஆக்ஸ்போர்டு நானோபோர் 2005-ல் தொடங்கி 2021-ல்தான் பங்குச் சந்தைக்குப் போனது. பதினாறு வருடம் உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டியவருக்கு ஆரம்பத்திலேயே பாதியைக் குறைத்தால் யார் தங்குவார்கள்? பிறகு ஆக்ஸ்போர்டே தன் பங்கை 20 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது, நல்ல முடிவு. 2023-ல் பிரிட்டன் அரசு கேட்டு வாங்கிய ஆய்வறிக்கையும் மருந்து, உயிரியல் கம்பெனிகளில் 10 முதல் 25 சதவீதம் போதும், மென்பொருளில் இன்னும் குறைவாக எடுங்கள் என்றுதான் சொன்னது.

கனடாவின் வாட்டர்லூ இதற்கு நேர் எதிர், அங்கே கண்டுபிடித்தவருக்கே முழு உரிமை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைக் கணினியில் ஏற்றித் தேடுவதற்காக அங்கே நடந்த வேலையிலிருந்துதான் 1991-ல் ஓப்பன்டெக்ஸ்ட் என்ற மென்பொருள் கம்பெனி வந்தது. ஆனால் உரிமையை மட்டும் பார்த்து வாட்டர்லூவைப் புகழ்ந்தால் பாதிதான் சொன்னதாகும். நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் சம்பளத்தோடு கம்பெனி வேலை என்று மாணவர்கள் மாறி மாறிப் போகிறார்கள், அதனால் கம்பெனி ஆரம்பிக்கிற பையனோ பெண்ணோ ஏற்கெனவே சில கம்பெனிகளை உள்ளே இருந்து பார்த்தவர்.

உரிமையைப் பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே இருக்கிறது. 2003 வரை பேராசிரியருக்கே முழு உரிமை. சட்டத்தை மாற்றி மூன்றில் இரண்டு பங்கு பல்கலைக்கழகத்துக்கு என்றாக்கிய பிறகு, பல்கலைக்கழக ஆட்கள் தொடங்கும் கம்பெனிகளும் காப்புரிமைகளும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

சரி, நம்ம ஊர்? அக்னிகுல் என்ற ராக்கெட் கம்பெனியைச் சில இளைஞர்கள் 2017-ல் ஐஐடி மெட்ராஸில் தொடங்கினார்கள். அந்த இளைஞர்களுக்குப் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தி கூடவே நின்றார், அங்கிருக்கும் எரிதல் ஆராய்ச்சி மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த அவர்கள் ராக்கெட்டின் எஞ்சின் ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்தது. அந்த மாதிரி லேப் இல்லாமல், நூறு சதவீதப் பங்கு கையில் இருந்தாலும், ராக்கெட் எஞ்சினை வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? ஐஐடி மெட்ராஸின் தரமணி ரிசர்ச் பார்க்கிலும் இதே எண்ணம்தான்: அங்கே இடம் எடுக்கும் கம்பெனிகள் ஐஐடி ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் வேலை செய்து புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

ஆகவே மென்பொருள் என்றால் எனக்கு வாட்டர்லூ வழிதான். எஞ்சின், மருந்து, சிப் என்றால் ஐஐடி வழி. பழைய ஆக்ஸ்போர்டு வழி எதற்கும் வேண்டாம். பாதி எடுத்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு லாபம் என்றில்லை: தன்னிடம் பிறந்த கூகுளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வைத்திருந்தது சிறு துண்டுதான், அந்த 18 லட்சம் பங்குகளே 33.6 கோடி டாலர் கொண்டுவந்தன.

லேபிலிருந்து கம்பெனி தொடங்கப் போகிற யாராவது இதைப் படித்தால், கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கருவிகளை எத்தனை வருடம் பயன்படுத்தலாம், மணிக்கு என்ன கட்டணம், உங்கள் பேராசிரியர் வாரத்தில் எத்தனை நாள் கம்பெனிக்கு வரலாம்.