கருத்துப்போன முன்பல்லுக்கு செராமிக் கேப்: ராமநாதபுரம் க்ளினிக் எப்படி?

மொதல்லயே சொல்லிர்றேன், கலர் விஷயத்துல இந்த க்ளினிக்குக்கு ஃபுல் மார்க், டைம் விஷயத்துல ஜஸ்ட் பாஸ். ராமநாதபுரம் டவுன்லதான் இருக்கு, பேரு போடல, லாத்தா (எங்க அக்கா) வேணாம்னுருச்சு.

பல்லு லாத்தாவோடது. ஸ்கூல் படிக்கைல கீழக்கரை வீட்டு மாடிப்படில விழுந்து முன்பல்லுல அடி, உள்ள நரம்பு செத்து ரத்தம் பல்லுக்குள்ளயே ஊறி சாம்பல் கலராயிருச்சு. ரூட் கேனால் பண்ணி வேற ஒரு எடத்துல மெட்டல் செராமிக் கேப் போட்டாக. மறைக்கிற வேலைய அது நல்லாத்தான் செஞ்சுச்சு, உள்ள மெட்டல், அதுக்கு மேல ஒப்பேக் கோட்டிங், வெளிச்சமே உள்ள போகாது. ஆனா அதனாலயே பல்லு உயிரில்லாத வெள்ளையா தெரியும், ஈறு ஏற ஏற ஓரத்துல கருப்புக் கோடு வேற. லாத்தா வாயப் பொத்திக்கிட்டே சிரிக்கும்.

மெட்டலே வேணாம், முழு செராமிக் போட்டா எல்லாம் சரியாயிரும்னுதான் நாங்களும் போனோம். டாக்டரம்மா உடனே தலையாட்டல. அசல் பல்லு மாதிரி தெரியணும்னா செராமிக் வெளிச்சத்த உள்ள விடணும், விட்டா அடில இருக்குற கருப்பும் வெளிய தெரியும், வெள்ளைக் கைலிக்குள்ள கலர் டவுசர் போட்ட மாதிரின்னு நானாப் புரிஞ்சுக்கிட்டேன். லித்தியம் டைசிலிகேட்னு ஒண்ணு இருக்கு, ஈ-மேக்ஸ்ங்கிறாங்களே அதுதான், அதுலயே வெளிச்சம் ரொம்ப விடுறது, கம்மியா விடுறது, விடாம மறைக்கிறதுன்னு பல தினுசு. ஜிர்கோனியான்னு இன்னொரு செராமிக், அதுவும் அப்படித்தான், பழைய வகை நல்லா மறைக்கும், இப்ப வர்ற கண்ணாடி மாதிரி வகை அவ்வளவு மறைக்காது. "ஜிர்கோனியா போட்டாலே மறைஞ்சிரும்"னு சொல்றவங்கள நம்பாதீங்க, எந்த ஜிர்கோனியான்னு கேளுங்க.

லாத்தாவுக்கு அடில மறைக்கிற ஜிர்கோனியா, மேல போர்சலின் (பீங்கான்) லேயர்னு முடிவாச்சு. கருப்பு அதிகம்னா கனமும் கூட வேணும்னு முன்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் பக்கம் செதுக்குனாக. அதுக்கு முன்னாடி ரூட் கேனால் பண்ணுன பல்லுக்கு உள்ளயே மருந்து வச்சு பல்லையே கொஞ்சம் வெளுக்க வச்சாங்க, இது வேற யாரும் சொல்லாத விஷயம். அது முடிஞ்சு ஆறவும் டைம் குடுக்கணுமாம், இல்லாட்டி பசை சரியா புடிக்காதாம்.

எனக்குப் புடிச்சது கலர் எடுத்த விதம். ஊசி போடுறதுக்கு முன்னாடியே, லிப்ஸ்டிக்கத் தொடைக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்துல ஷேட் கைட, அதான் பல்லுக் கலர் மாதிரி வரிசைய, வச்சுப் பாத்தாக. அதுல A1ல இருந்து D4 வரைக்கும் 16 கலர் இருக்கு. வாயத் தொறந்து பல்லு காஞ்சுட்டா வெளுப்பா காட்டுமாம், அதான் மொதல்ல இது. செதுக்குன பெறகு உள்ள இருக்குற கருத்த பல்லுக்குப் பக்கத்துலயும் ஷேட் கைட வச்சு போட்டோ எடுத்து மதுரை லேபுக்கு அனுப்புனாக. கேப் செய்றவருக்கு அடில என்ன கலர்னே தெரியாட்டி எப்படி மறைப்பாரு?

வந்த மொதல் கேப் டியூப்லைட்ல ஓகே, வாசல்ல வெயில்ல பாத்தா ஈறு ஓரம் லேசா சாம்பல் அடிச்சுச்சு. நாங்க சொல்றதுக்கு முன்னாடியே அவங்களே திருப்பி அனுப்பிட்டாக, எக்ஸ்ட்ரா காசு கேக்கல. வெள்ளை சிமெண்ட் வச்சு ஒட்டி சமாளிச்சிரலாமேன்னு நான் கேட்டேன், அது லேசான வித்தியாசத்துக்குத்தான், இவ்வளவு கருப்புக்கு எடுபடாதுன்னுட்டாக. ரெண்டாவது கேப்ப பக்கத்துல நின்னு பாத்தாலும் கண்டுபுடிக்க முடியல, உம்மாவே எந்தப் பல்லுன்னு கேக்குது.

இன்னொண்ணு. நம்ம மாவட்டத்துல சில ஊர்ல போர் தண்ணில ஃப்ளோரைடு, இருக்கலாம்ங்கிற அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கும் மேல இருக்கு, சின்னதுல இருந்து அதையே குடிச்சு பல்லு பழுப்பானவங்க நெறைய பேரு. அப்படி வந்த ஒரு தம்பி எல்லா பல்லுக்கும் கேப் கேட்டுச்சு, டாக்டரம்மா மறுத்துட்டாக, நல்ல பல்லச் செதுக்குனா திரும்ப வராது, மேல லேசா தேச்சு ப்ளீச் பண்ணிப் பாப்போம்னாக. காசுக்கு ஆசப்படாத டாக்டர்.

கொறைன்னா வெயிட்டிங்தான். அப்பாயின்ட்மென்ட் போட்டும் உக்கார வைக்கிறாக, போன் எடுக்குறதே இல்ல, லேப்ல இருந்து வந்துருச்சான்னு கேக்கவே கீழக்கரைல இருந்து பஸ் ஏற வேண்டியிருந்துச்சு. காசு 15,000-க்கு மேல ஆச்சு, கொஞ்சம் கூடத்தான். என்ன மெட்டீரியல்னு போட்ட வாரண்டி கார்ட மறக்காம கேட்டு வாங்கிக்கங்க, கேக்காட்டி அவங்களா தர மாட்டாங்க.