பம்பா, மாத்திரையா? நாலாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய்க்கு இரண்டு கீமோ

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு தெரியவந்தால், பெரும்பாலும் முதலில் பேசப்படும் கீமோ இரண்டு: ஃபோல்ஃபாக்ஸ், கேபாக்ஸ். ஆக்ஸாலிபிளாட்டின் இரண்டிலும் உண்டு. கூடச் சேரும் 5-எஃப்.யூ. மருந்து ஃபோல்ஃபாக்ஸில் பம்ப் வழியே ரத்தத்தில் ஏறும். கேபாக்ஸில் கேபசிடபின் மாத்திரையாக உள்ளே போய், உடலுக்குள் 5-எஃப்.யூ. ஆக மாறும். 2,034 பேரைச் சேர்த்து நடந்த என்.ஓ.16966 ஆய்வில் மாத்திரை பம்புக்குச் சளைக்கவில்லை. ஆகவே பார்க்க வேண்டியது சிறுநீரகம், குடல், வீட்டு நிலைமை.

ஃபோல்ஃபாக்ஸ் 14 நாளுக்கு ஒருமுறை. காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் போர்ட் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயோடு இணைத்த சின்னக் கருவி) வைத்து, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 2,400 மி.கி. 5-எஃப்.யூ. 46 மணி நேரம் ஏறும். பலூன் பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மூன்றாம் நாள் கழற்ற வர வேண்டும். சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும் என்பதால் வெயிலிலும் அடுப்பருகிலும் பம்பை வைக்கக் கூடாது. போர்ட்டில் கிருமி தொற்றலாம், ரத்தம் உறையலாம். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அன்றைக்கே, நள்ளிரவானாலும், மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கேபாக்ஸில் 21 நாளுக்கு ஒருமுறை வந்தால் போதும். போர்ட் பெரும்பாலும் தேவைப்படாது. மாத்திரை 14 நாள், பிறகு 7 நாள் ஓய்வு. உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால், 500 மி.கி. மாத்திரை காலை 3, இரவு 3, சாப்பிட்ட அரை மணிக்குள். ஒரு சுற்றுக்கு 84 மாத்திரை.

மாத்திரைதானே என்று இதை லேசாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. வயிற்றுப்போக்கு தொடங்கிய பிறகும் 'கோர்ஸை முடிக்கணும்' என்று விழுங்குகிறவர்கள் உண்டு. ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாகப் போனாலோ, உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிந்து வேலை செய்ய முடியாமல் போனாலோ, மாத்திரையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். விட்டுப்போன மாத்திரையைப் பிறகு சேர்த்து விழுங்கக் கூடாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் (நிமிடத்துக்கு மி.லி.) 30–50 என்றால் டோஸ் முக்கால் பங்கு. 30-க்குக் கீழே என்றால் கூடவே கூடாது. குடல் அடைப்பாலோ வாந்தியாலோ விழுங்க முடியாதவர்கள் பம்பைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), ஃபெனிட்டாயின் (வலிப்பு மருந்து) சாப்பிடுகிறவர்கள் எதைத் தொடங்கும் முன்னும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆக்ஸாலிபிளாட்டினால் நரம்பு மரத்துப்போவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே: சதுர மீட்டருக்கு ஃபோல்ஃபாக்ஸில் 85 மி.கி. இரண்டு வாரத்துக்கு, கேபாக்ஸில் 130 மி.கி. மூன்று வாரத்துக்கு. மருந்து ஏறிய சில நாள் ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொடவும் குடிக்கவும் கூடாது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால் உடனே சொல்லுங்கள். ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம். 5-எஃப்.யூ.வை உடலில் சிதைக்கும் டி.பி.டி. என்சைம் குறைந்தவர்களுக்கு இரண்டுமே உயிருக்கு ஆபத்து. பம்பிலிருந்து மாத்திரைக்கு மாறி அதிலிருந்து தப்ப முடியாது.

எதைத் தொடங்கும் முன்னும் எம்.எஸ்.ஐ. பரிசோதனை (கட்டியில் டி.என்.ஏ. பிழைதிருத்தம் பழுதா என்று பார்ப்பது) முடிவைக் கேளுங்கள். அது 'ஹை' என்று வருவது சிலருக்குத்தான். அவர்களுக்கு முதலில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து கொடுத்தபோது பாதிப்பேருக்கு நோய் 16.5 மாதமாவது கட்டுக்குள் நின்றது, கீமோவில் 8.2 மாதம்.