முதியோர் இல்லத்துக்குச் சாப்பாட்டு ஏப்ரன் தைக்கறீங்களா: டர்க்கி டவலா, ஈரிழைத் துண்டா, குடைத்துணியா, ரெக்ஸினா?

முதியோர் இல்லத்துல சாப்பிடும்போது சட்டை மேலயும் நைட்டி மேலயும் குழம்பு சிந்தாம இருக்க கழுத்துல மாட்டி விடற ஏப்ரன் இருக்கில்ல, அதை வீட்டுல தைச்சுக் குடுக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, அப்பா திதிக்கு ஒரு வேளை சாப்பாடு போடறதுக்குப் பதிலா இதைச் செய்யலாம்னு நினைக்கறவங்களும் இருக்காங்க, தாராளமா செய்யலாம். ஆனா எல்லாரும் நேரா வந்து நிக்கற கேள்வி எந்தத் துணி எடுக்கறதுன்னுதான். துணிக்கு முன்னாடி அந்த இல்லத்துக்குப் போயி ரெண்டு விஷயம் பாத்துட்டு வாங்க. ஒண்ணு, துணியெல்லாம் எங்க எப்படி துவைக்கறாங்க, மிஷின்ல சுடுதண்ணியிலயா, ப்ளீச் ஊத்தி ஊற வெச்சு கல்லுல அடிக்கறாங்களா, மழைக்காலத்துல எங்க காயப் போடறாங்க. ரெண்டாவது, சாப்பாடு முடிஞ்சதும் அதை யார் கழட்டறாங்க, எப்படிக் கழட்டறாங்க. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சாலே நாலு துணியில ரெண்டு தானா கழிஞ்சு போயிடும்.

முதல்ல ஒண்ணுமே தைக்காத ஆப்ஷன். தோள்ல போடற துண்டையே கழுத்துல சொருகி விடறது. நம்ம ஊர்ல பாதி இல்லங்கள்ல இதான் நடக்குது, கேலி பண்ண ஒண்ணுமில்ல. வாழ்க்கை பூரா தோள்ல துண்டு போட்ட தாத்தாவுக்கு அது பழகின பொருள், எனக்கு எதுக்கு இதுன்னு சண்டை போட மாட்டாரு. பிரச்சனை என்னன்னா தட்டைப் பாத்து குனிஞ்ச உடனே துண்டு நழுவி மடியில விழுந்துடும். அதுக்கு அரை இன்ச் எலாஸ்டிக்கை 12 இன்ச் வெட்டி ரெண்டு முனையிலயும் ஒரு க்ளிப் தைச்சா போதும், பல் டாக்டர் கிட்ட போனா நெஞ்சுல மாட்டி விடுவாங்களே அந்த மாதிரி. தானே சாப்பிடறவங்க, அப்பப்ப நாலு பருக்கை மட்டும் சிந்தறவங்க, இவங்களுக்கு இதுவே தாராளம், இதுக்கு மேல தைக்கறது நம்ம ஆசைக்குத்தான். குழம்பு ரசம் மோர்னு தண்ணியா ஊத்திக்கறவங்களுக்குத்தான் துண்டு பத்தாது, நனைஞ்சு உள்ள போயிடும்.

அடுத்தது டர்க்கி டவல். சோலாப்பூர் டவல், கடையில கிடைக்கற 30க்கு 60 இன்ச் குளியல் டவல், எதுவானாலும் சரி. நடுவுல குறுக்க வெட்டினா 30க்கு 30ல ரெண்டு பீஸ் வரும். கழுத்து வெட்டினது போக மீதி நீளம் உக்காந்திருக்கறவங்க மடி வரைக்கும்தான் வந்து நிக்கும், முட்டி வரைக்கும் வராது, ஆனா அகலம் ஜாஸ்தியா இருக்கறதால ரெண்டு கையோட மேல்பக்கமும் மறையும், கையில பிசைஞ்சு சாப்பிடறவங்களுக்கு அது முக்கியம் ஏன்னா ரசம் சாதம் முழங்கை வழியாத்தான் முதல்ல இறங்கும். உறிஞ்சறதுல டர்க்கியை மிஞ்ச ஆளில்ல. கையையும் அதுலயே தொடைச்சுக்கலாம், தொடைச்சுக்குவாங்க, நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும்.

ஆனா எடையைப் பாருங்க. 450 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் துணி 450 கிராம்) டவல்ல 30க்கு 30 பீஸ் கால் கிலோவுக்கு மேல வரும், ஈரமானா இன்னும் ஏறும். கூன் விழுந்த பாட்டிங்களுக்கு அந்த எடை மொத்தமும் பின்கழுத்துல தொங்கும். காயறதும் லேட்டு. ஐப்பசி கார்த்திகையில ரெண்டு நாள் ஆனாலும் ஓரம் ஈரமாவே இருந்து ஒரு நாத்தம் வரும் பாருங்க, அந்த நாத்தத்தோட துணியை கழுத்துல கட்டி இட்லி ஊட்டினா யாருக்கு சாப்பாடு இறங்கும். இன்னொண்ணு, கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் ஊத்தி அலசற இல்லமா இருந்தா உறிஞ்சற குணமே குறைஞ்சிடும், அதை லாண்டரி பாக்கறவங்க கிட்ட வாய்விட்டு சொல்லிடணும்.

எனக்கு டர்க்கியை விட ஈரிழைத் துண்டு மேல நம்பிக்கை ஜாஸ்தி. ஈரோடு, சென்னிமலைப் பக்கம் போனா எடுத்துக்கலாம். மெல்லிசு, அடிச்சுத் துவைச்சாலும் தாங்கும், காத்தாடினா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும், துவைக்கத் துவைக்க இன்னும் நல்லா தண்ணி குடிக்கும். ஒரே அடுக்குல டர்க்கி அளவுக்கு உறிஞ்சாது, அதனால ரெண்டு அடுக்கா மடிச்சுத் தைக்கணும், அப்பவும் டர்க்கியை விட எடை கம்மிதான். தைக்கறதுக்கும் சுலபம். டர்க்கியில பாதத்துல நூல் வளையம் மாட்டும், 16ம் நம்பர் ஊசி போடணும், தையலை நீளமா வெக்கணும், நடுவுல நிறுத்தி பாபின் கேஸைக் கழட்டி பஞ்சை ஊதித் தள்ளணும். ஈரிழைக்கு சாதா 14ம் நம்பர் ஊசி போட்டுட்டு ஓட்டிட்டே போகலாம். எதுவா இருந்தாலும் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுடுதண்ணியில அலசிக் காய வெச்சிடுங்க, பருத்தி சுருங்கும், அடியில வெச்சுத் தைச்ச வாட்டர்ப்ரூஃப் துணி சுருங்காது, அப்புறம் ஏப்ரன் அப்பளம் மாதிரி வளைஞ்சு நிக்கும்.

இப்ப வாட்டர்ப்ரூஃப் வேணுமா வேணாமான்னு ஒரு வாக்குவாதம் எப்பவும் உண்டு. நான் வேணும்ங்கற கட்சி, காரணம் கறை இல்ல, சூடு. வயசானவங்க தோல் மெல்லிசு, காபி டம்ளர் கை நடுக்கத்துல சாஞ்சா நமக்கு சுள்ளுன்னு இருக்கறது அவங்களுக்குக் கொப்பளம் ஆயிடும். வெறும் பருத்தித் துணி சூட்டைக் குடிச்சு தோலோட ஒட்டி வெச்சுக்கும். வெறும் பிளாஸ்டிக்கா இருந்தா நெஞ்சுல நிக்காது, வழுக்கிட்டு நேரா மடிக்குப் போகும், அங்க இன்னும் மோசம். மேல உறிஞ்சற துணி, அடியில தண்ணி விடாத துணி, ரெண்டும் சேந்தாத்தான் ஆள் ஓடி வந்து கழட்டறதுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். சிந்தினா உடனே கழட்டணும், அதுல மாத்தமே இல்ல.

அடித்துணிக்குப் போட்டி மூணு. பி.யூ.எல்னு ஒண்ணு, குழந்தைங்களோட துணி டயப்பர்ல வருதே அது, ஒரு பக்கம் பனியன் மாதிரி பாலியெஸ்டர் துணி, இன்னொரு பக்கம் பாலியூரித்தேன் படலம். மெத்துனு இருக்கும், சத்தம் வராது, சுடுதண்ணி தாங்கும். பிரிட்டன்ல ஆஸ்பத்திரித் துணிக்கு 65 டிகிரியில 10 நிமிஷம் இல்லன்னா 71 டிகிரியில 3 நிமிஷம்னு கணக்கு வெச்சிருக்காங்க, அந்த மாதிரி சூட்டுல துவைக்கற இடத்துக்குக் குடுக்கணும்னா இதுதான் சரி. பளபளப்பான பக்கம் உள்ள போகணும், துணிப்பக்கம் சட்டையைத் தொடணும். ப்ளீச் போட்டா படலம் சீக்கிரம் போயிடும், இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, விலையும் ஜாஸ்தி. ரெண்டாவது குடைத்துணி, அதாவது கோட்டிங் குடுத்த நைலான். விலை கம்மி, எடையே தெரியாது, உதறினா பாதி காஞ்சிடும். ஆனா சரசரன்னு சத்தம், மறதி நோய் இருக்கறவங்கள்ல சில பேர் அந்த சத்தத்துக்கே சாப்பாட்டை விட்டுட்டு அதை நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க, சூடான தண்ணியில திரும்பத் திரும்பத் துவைச்சா கோட்டிங்கும் உதிரும். பச்சைத் தண்ணியில கையில துவைக்கற சின்ன இல்லத்துக்கு மட்டும் நான் இதை சிபாரிசு பண்ணுவேன். மூணாவது மெடிக்கல் ஷாப்ல மீட்டர் கணக்குல தர்ற ரப்பர் ஷீட். கட்டில்ல விரிக்கறதுக்கு சரி. கழுத்துல கட்டறதுக்கு எடையும் வாடையும் ஜாஸ்தி, வேணாம்.

ரெக்ஸின் விஷயத்தை இங்கயே முடிச்சிடறேன். ஈரத்துணியால தொடைச்சா போதும், துவைக்கவே வேணாம்னு சொல்லித்தான் விக்கறாங்க. தொடைக்கறது மேல்பக்கம் மட்டும், தையல் ஓரத்துல சோறு போய் உக்காரும். சித்திரை வைகாசியில அதைக் கழுத்துல கட்டினா உள்ள வேர்த்துக் கொட்டும். மடிச்சு வெச்ச இடம் வெடிக்கும், சிந்தினதெல்லாம் தரையில இறங்கி தரை வழுக்கும். லாரித் தண்ணியை நம்பி ஓடற இல்லம்னா வேற வழியில்லாம யோசிக்கலாம், அவ்வளவுதான்.

தையல்ல ஒரு சூட்சுமம். வாட்டர்ப்ரூஃப் துணியில குத்தற ஒவ்வொரு ஊசி ஓட்டையும் நிரந்தர ஓட்டை, அது வழியா தண்ணி இறங்கும். அதனால குண்டூசி குத்தாதீங்க, துணி க்ளிப் போட்டுப் பிடிங்க, நெஞ்சு நடுவுல அழகுக்குன்னு தையல் போடாதீங்க, ஓரத்துல மட்டும் சுத்தி வாங்க. நூல் பாலியெஸ்டரா இருக்கட்டும், பருத்தி நூல் திரி மாதிரி ஈரத்தை உள்ள இழுத்துட்டுப் போகும். பாதத்துல ஒட்டிக்கிட்டு நகரலன்னா மேல ஒரு மெல்லிசு பேப்பர் வெச்சு ஓட்டிட்டு அப்புறம் கிழிச்சு எடுத்துடலாம். ஓரத்துக்கு கிராஸ் பீஸ் வெட்டி பைப்பிங் குடுத்தா கழுத்துல அறுக்காது.

அடியில பை மாதிரி மடிச்சுத் தைக்கறது நிறைய பேருக்குப் பிடிக்குது, சிந்தினது அதுல விழும்னு. பருக்கைக்கு அது நல்ல யோசனை. ஆனா வீல்சேர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு அந்தப் பை மடி மேலயே படுத்துக்கும், சூடான ரசம் போய் அதுல தேங்கினா என்ன ஆகும்னு யோசிங்க. பை வேணும்னா ரெண்டு பக்க முனையையும் மூடாம பட்டன் வெச்சு விடுங்க, தேவைப்படற ஆளுக்கு மட்டும் மாட்டிக்கட்டும். நீளத்துலயும் இதே கவனம் வேணும். கழுத்துல இருந்து 30 இன்ச் தாண்டினா வீல்சேர் சக்கரத்துல மாட்டற வாய்ப்பு இருக்கு.

எப்படி மாட்டறதுங்கறதுலதான் உண்மையான சண்டை. நாடா விலை இல்லாத மாதிரி, ஆனா பின்னாடி முடிச்சு போட ஆள் வேணும், ஈரமானா முடிச்சு அவுராது, எல்லாத்துக்கும் மேல மறதி நோய்க்காரங்க இழுத்துக்கிட்டா கழுத்தை இறுக்கிடும். நாடாவை நான் வேணாம்னுதான் சொல்வேன். திருப்பூர்ல டீ-சர்ட் கழுத்துக்கு வர்ற ரிப் துணி வெச்சு தலை வழியா மாட்டறது பாக்க ரொம்ப நீட்டா இருக்கும், கழுத்து ஓரத்துல இடைவெளியே இல்லாம உக்காரும். ஆனா கழட்டும்போது அந்தக் குழம்பும் சோறும் முகத்து மேல உரசிக்கிட்டே வரும், கண்ணாடி, காது மிஷின் எல்லாம் சேந்து வரும். தைக்கறவங்க மாட்டிப் பாத்து சந்தோஷப்படறாங்க, சாப்பிட்டு முடிச்ச ஏப்ரனைக் கழட்டிப் பாக்கறதில்ல.

வெல்க்ரோ வேகம். ஒரு ஆள் பத்து பேரைப் பாக்கற இடத்துல வேகம்தான் பெருசு, இழுத்தா தானா விட்டுடும்ங்கறதால பாதுகாப்பும் இருக்கு. குறை என்னன்னா சொரசொரப்பு பக்கம் டர்க்கி நூலையும் புடவையையும் பிடிச்சு இழுக்கும், துவைக்கும்போது மூடாம போட்டா பஞ்சு அடைஞ்சு ஒட்டாது, நரைமுடி மாட்டினா பாட்டி கத்துவாங்க. சொரசொரப்பு பக்கம் தோலைப் பாக்காம வெளிப்பக்கம் பாக்கற மாதிரி தைக்கணும். பிளாஸ்டிக் டிச் பட்டன் நாலு துவையல்ல போகாது, சுடுதண்ணி தாங்கும், ரெண்டு இடத்துல வெச்சா கழுத்து அளவும் மாத்திக்கலாம். அழுத்தறதுக்கு விரல்ல பலம் வேணும், அதனால தானே மாட்டிக்கறவங்களுக்கு சரிப்படாது, ஆயாம்மா மாட்டி விடற இடத்துக்கு இதுதான் என் ஓட்டு. மலிவான இரும்பு பட்டன் வாங்கிடாதீங்க, ப்ளீச்சுல துரு பிடிச்சு கறை இறங்கும்.

திறப்பை பின்கழுத்துல வெக்காம தோள்ல வெச்சுப் பாருங்க. சாஞ்சு உக்காந்திருக்கறவங்களை முன்னாடி இழுத்துக் குனிய வெக்க வேண்டியதில்ல. பக்கவாதம் வந்து வலது கை மட்டும் வேலை செய்யறவங்களுக்கு இடது தோள்ல வெல்க்ரோ வெச்சா அவங்களே கழட்டிடுவாங்க, அடுத்தவங்களைக் கூப்பிட வேண்டியதில்லைங்கறது அந்த வயசுல சின்ன விஷயம் இல்ல.

அப்ப எதைத் தைக்கறது? ஊட்டி விடறவங்களுக்கும் கை நடுங்கறவங்களுக்கும் மேல ஈரிழை ரெண்டு அடுக்கு, அடியில பி.யூ.எல், தோள்ல டிச் பட்டன். தானே பிசைஞ்சு சாப்பிடறவங்களுக்கு டர்க்கி, எடை தாங்கற உடம்பா இருந்தா மட்டும், தோள்ல வெல்க்ரோ, வெல்க்ரோ வர்ற இடத்துல மட்டும் பாப்ளின் பட்டி. மத்தவங்களுக்கு துண்டும் க்ளிப்பும். எல்லாருக்கும் ஒரே மாதிரி நூறு தைச்சுக் கொண்டு போய் இறக்கினா ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும், பாதி அலமாரியிலயே கிடக்கும்.

எண்ணிக்கையில கஞ்சத்தனம் வேணாம். ஒரு ஆளுக்கு நாளைக்கு மூணு, காயறதுல மூணு, ஆக ஆறு. பத்து பேருக்கு அறுபது. பட்ஜெட் இடிக்குதுன்னா ஆளைக் குறைங்க, ஆளுக்கு ரெண்டுன்னு பிச்சுக் குடுத்தா ரெண்டாம் நாளே ஈரத்தோட கட்டுவாங்க.

கலர் விஷயம். வெள்ளை எடுக்காதீங்க. மஞ்சள் கறை மேல சோப்பு பட்டா சிவப்பாயிடும், ஊழியர்கள் பயந்து ப்ளீச்சை ஊத்துவாங்க, வெயில்ல நல்லா காயப் போட்டாலே மஞ்சள் வெளுத்துடும். கட்டம் போட்ட துணி, காவி, அடர் பச்சை, இதுங்க கறையை மறைக்கும். கார்ட்டூன் யானை முயல் பிரிண்ட் மட்டும் வேணாம், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கழுத்துல அதைக் கட்டி விட்டா அவர் எதுக்கு வாயைத் திறப்பாரு. ஆம்பளைங்களுக்கு சட்டைக் கட்டம், பொம்பளைங்களுக்கு நைட்டியில வர்ற பூ டிசைன், போதும்.

பேரு எழுதறதுக்கு மார்க்கர் பேனா நிக்காது. பைப்பிங் கலரை ரூமுக்கு ஒண்ணா மாத்தித் தைங்க, இல்லன்னா கழுத்து உள்பக்கம் வெள்ளை நாடாவுல மிஷின் தையல்லயே ரூம் நம்பர் போடுங்க, லாண்டரியில இருந்து வர்ற மூட்டையைப் பிரிக்கறவங்களுக்கு இங்கிலீஷும் தமிழும் படிக்கத் தெரியலன்னாலும் கலர் தெரியும்.