பலாச்சட்டம், ஆட்டுத்தோல்: மலையகத்து ஈரத்தில் 16 அங்குலத் தப்பு எப்படி நிற்கிறது?

தியானத்துக்கும் மனஆறுதலுக்கும் மெதுவாக வாசிக்க ஒரு வட்டப் பறை வேண்டுமென்று வெளிநாட்டுப் படங்களைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. காமன் கூத்திலும் சாவு வீட்டிலும் அடிபடும் நம்முடைய தப்பும் அதே குடும்பம்தான்: ஒரு சட்டம், ஒரு பக்கத் தோல். விட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, தோலின் இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, மூங்கில் சிம்புக்குப் பதிலாக நுனியில் துணி சுற்றிய கோலால் தட்டினால் அந்தத் தாழ்ந்த, நீண்ட ஓசை வந்துவிடும்.

ஹட்டன் பக்கம் சொல்லிச் செய்வித்த அப்படியொரு தப்பின் மதிப்பீடு இது. விட்டம் 16 அங்குலம், சட்டத்தின் அகலம் 3 அங்குலம், தடிப்பு 15 மில்லிமீற்றர். மூன்று பலாத் துண்டுகளைத் தகடு வைத்துப் பொருத்தி, ஆட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாமாக ஏறத்தாழ ஒரு கிலோ. அரைமணி நேரம் பிடித்தாலும் இடக்கை சோராது.

முதலில் மரம். பலாவா, சவுக்கா (கிரெவிலியா), வேம்பா என்று மரத்தின் பெயரைக் கேட்டு விலை பேசுகிறவர்கள், அது எத்தனை மாதம் காய்ந்தது என்று கேட்பதில்லை. மலையகத்தில் அதுதான் முதல் கேள்வி. ஓர் அங்குலப் பலகை நிழலில் காய ஏறத்தாழ ஒரு வருடம் வேண்டும். மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை எனலாம். அகலவாக்கில் நன்றாகச் சுருங்கும். வளைவாக அறுத்த துண்டில் இரண்டும் கலந்து கிடப்பதால், பச்சை மரத்தில் செய்த சட்டம் காயக் காய வட்டம் நெளியும், பொருத்து வாய்விடும். காற்றின் ஈரப்பதன் 85 வீதமாக நிற்கும் இடத்தில் மரத்துக்குள் 18 வீதம் வரை ஈரம் தங்கும். 65 வீதமானால் அது 12க்கு இறங்கும். ஆடி மாதத்தில் மேற்குச் சரிவின் மஸ்கெலியாவில் மழை விடாது, ஊவாவின் பண்டாரவளையில் வறண்ட காற்று வீசும். மேற்குப் பக்கத்தில் அரைகுறையாகக் காய்ந்த சட்டம் ஊவாப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது சுலபம். மூன்று திசைகளில் விட்டத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மில்லிமீற்றரைத் தாண்டினால் வேண்டாம். கண்ணாடி மேசையில் கவிழ்த்து விளிம்பை அழுத்துங்கள். ஆடினால் முறுக்கு இருக்கிறது. இந்தத் தப்பில் வித்தியாசம் 1 மில்லிமீற்றர்தான், ஆட்டமே இல்லை. காரணம், பழைய கதவுநிலைப் பலகை. பலாவை அனுமதியில்லாமல் வெட்ட இலங்கையின் 1951ஆம் ஆண்டு மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் விடாது என்பதால், உடைத்த வீட்டுப் பலகையைக் கேட்டு வாங்குவதே நல்லது. அது பல வருடம் காய்ந்த மரமும்கூட. ஒரு குறை: ஒரு துண்டின் பின்விளிம்பில் விரலகலத்துக்கு வெள்ளை, அதாவது வைரமேறாத வெளிமரம், விட்டிருக்கிறார்கள். மஞ்சள் வைரத்தைத் தொடாத பூச்சி அந்த வெளிறிய பகுதியைத் துளைக்கும். வேப்பெண்ணெய் தடவிவைக்க வேண்டும்.

நன்றாகக் காய்ந்த சவுக்கும் மோசமில்லை. தேயிலைக்கு நிழல் கொடுத்த மரம்தான், மலிவாகவும் கிடைக்கும். யூகலிப்டஸ் வேண்டாம், காயும்போது வெடிக்கும், முறுக்கும்.

இனித் தோல். ஓசையில் பெரும்பங்கு இதனுடையது. பதனிட்ட தோல் அதிராது. சுண்ணாம்பில் மயிர் நீக்கிய பச்சைத்தோல்தான் வேண்டும். சுண்ணாம்பில் அதிக நாள் கிடந்தால் நார் தளர்ந்து, இழுக்கும்போது கிழியும். 16 அங்குலச் சட்டத்துக்குக் குறைந்தது 22 அங்குலத் தோல், ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தடிப்பில். கன்றுத்தோல் இன்னும் தடித்து, வெளியரங்கில் நின்று அடிக்க ஏற்றது. அறைக்குள் மெதுவாகத் தட்டினால் அது சீக்கிரம் விழிக்காது.

தப்பை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடியுங்கள். முதுகுத்தண்டு ஓடிய இடம் கருத்த பட்டையாகத் தெரியும். அது நடுவால் போயிருந்தால் இருபக்கமும் இழுவிசை ஒத்திருக்கும். ஓரமாகப் போனால் ஒரு பக்கம் கனத்தும் வயிற்றுப் பக்கம் மெலிந்தும் ஓசை பிசகும். உரிக்கும்போது கத்தி பட்ட இடம் மெல்லிய வெளிச்சக் கோடாகத் தெரியும், கிழிவது அங்கிருந்துதான். இந்தத் தோலில் பட்டை சரியாக நடுவில், கீறல் எதுவும் இல்லை. விளிம்பைச் சுற்றி எட்டு இடத்தில் தட்டினால் ஏழில் ஒரே சுருதி. தகடு வைத்த ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தாழ்கிறது.

பெரிய குறை உப்பு. தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். அதைக் கழுவாமல் ஒட்டினால் பனி இறங்கும்போதெல்லாம் உப்பு ஈரத்தை இழுத்துத் தோலைத் தொய்யவிடும். விளிம்பை நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இது இலேசாகக் கரிக்கிறது; மாலைப் பனியில் ஓசை பாதியாக அடங்கிவிடுகிறது. ஒட்டிய பிறகு இதற்கு வழியில்லை. ஆகவே சொல்லும்போதே கேளுங்கள்: ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மூன்று தடவையாவது தண்ணீர் மாற்ற வேண்டும். அவசரத்துக்குச் சுடுநீர் ஊற்றினால் தோல் சுருண்டு பாழாகிவிடும்.

மான், மரைத் தோல் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அந்த விலங்குகளைக் காக்கிறது. ஆட்டுத்தோலில் வராத எதுவும் அதில் வரப்போவதுமில்லை.

தொய்ந்த தோலை இறுக்கச் சூடு காட்டுவதில் நிதானம் வேண்டும். அடுப்பனலில் கை பொறுக்கும் தூரத்தில், சுழற்றியபடி இரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் பசை விட்டுவிடும், தோல் மொறுமொறுப்பாகி ஒருநாள் பிளக்கும்.

சட்டத்துக்கு முழு மதிப்பெண், தோலுக்கு முக்கால். வாங்கலாம். விலையை அடித்துப் பேசாதீர்கள். தோல் கழுவுகிற கைக்கு இந்த நாட்டில் என்றைக்கும் குறைத்தே கொடுத்திருக்கிறோம். தை, மாசியில் சொல்லிவையுங்கள். மேற்குச் சரிவில் அப்போதுதான் வெயில் நின்று காயும். நிழலில் மூன்று நாளில் தோல் சீராக இறுகிவிடும். ஆடியில் அவசரப்படுத்தினால் அடுப்பங்கரையில் காயவைத்துத்தான் தருவார்கள்.