பாகனில் சைக்கிள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இந்தியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்களை, மியான்மரின் பழைய கோயில் நகரமான பாகனுக்கு அழைத்துப் போகிற யாங்கோன் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்கு பர்மிய மொழி தெரியும், நம்மை யார் ஏமாற்ற முடியும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். மொழி தெரிந்தும் முழுப் பணத்தையும் ஒரு முழு நாளையும் விட்டுவிட்டு வந்தேன்.

போன ஜனவரியில் சித்தப்பா மகன் மதுரையிலிருந்து மனைவியோடும் மகளோடும் வந்திருந்தான். சித்தப்பா யாங்கோனில் பிறந்தவர். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி ஊருக்குப் போனவர். பேத்தி வரலாறு எம்.ஏ. படிக்கிறாள். வருவதற்கு ஒரு மாதம் முன்பே போனில் சொல்லிவிட்டாள்: "பெரியப்பா, எனக்கு ஷாப்பிங் எல்லாம் வேண்டாம். பாகன் விஷ்ணு கோயிலும் மியின்கபாவும் பார்த்தால் போதும்."

மியின்கபா பாகனில் ஒரு கிராமம். ஏன் அது என்றால், அங்கேதான் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 13-ஆம் நூற்றாண்டு எழுத்து. மேலே கிரந்தத்தில் ஒரு சமஸ்கிருத சுலோகம், கீழே தமிழ். சேர நாட்டு மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்கிற பாகனில் இருந்த நானாதேசி விண்ணகர் என்கிற விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததாக அதில் இருக்கிறது. எழுநூறு வருஷத்துக்கு மேல் முன்னால் கடல் தாண்டி வந்த ஒருவர் இங்கே ஒரு விளக்கு ஏற்றியிருக்கிறார். அந்த வரிகளை நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தாள் பிள்ளை. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, விஷயம் தெரிந்த ஆளோடு போவோம் என்று தேடியபோது வைபரில் ஒரு விளம்பரம் வந்தது. சைக்கிளில் பாகன், ஒரு நாள், உரிமம் பெற்ற வழிகாட்டி, ஆளுக்கு 90,000 கியாட். போன் செய்து கேட்டேன். விஷ்ணு கோயில் உண்டா? உண்டு. மியின்கபா? கண்டிப்பாக. வழிகாட்டிக்கு வரலாறு தெரியுமா? "பத்து வருஷ அனுபவம் அகோ (அண்ணா), எல்லாம் சொல்வார்." வெளிநாட்டவர் வாங்க வேண்டிய தொல்லியல் வட்டாரச் சீட்டும் இதிலேயே அடக்கம், நீங்கள் தனியாக வாங்க வேண்டாம் என்றார்கள். நாலு பேருக்கு 3,60,000. பாதியை அன்றைக்கே மொபைலில் அனுப்பினேன். எழுத்தில் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை. முதல் தப்பு அதுதான்.

பஸ் விடியற்காலை நாலரைக்குப் பாகனுக்குப் பக்கத்து ஊரான நியாங்-ஊ போய்ச் சேர்ந்தது. ஏழு மணிக்கு அவர்கள் கடையில் இருந்தோம். மீதிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, சைக்கிளுக்கு ஈடாகத் தம்பியின் பாஸ்போர்ட்டையும் கேட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. "எல்லாரும் தருகிறார்கள்" என்றதும் தம்பி எடுத்துக் கொடுத்துவிட்டான். பாஸ்போர்ட் மேசை டிராயருக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. ஊருக்கு வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று நானும் பேசாமல் இருந்தேன்.

விளம்பரப் படத்தில் இருந்தவை புதுக் கியர் சைக்கிள்கள். கொடுத்தவை வேறு. தம்பி மனைவிக்கு வந்த சைக்கிளில் பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மை உரசிக்கொண்டிருந்தது. முன் பிரேக் கேபிள் பிரிந்து நாலைந்து இழை துருத்திக்கொண்டு நின்றது. என் பின் டயரைக் கையால் தடவினேன், ரப்பர் வழுவழு என்று இருந்தது, ஓரத்தில் வெள்ளை நூல் தெரிந்தது. வேறு கேட்டேன். இன்று எல்லாம் வெளியே போய்விட்டது என்றார்கள். பின்னால் ஷெட்டில் ஆறேழு சைக்கிள் நிற்பது எனக்கே தெரிந்தது.

பாகன் தெரியாதவர்களுக்கு இந்த டயர் விஷயம் ஏன் பெரிது என்று சொல்ல வேண்டும். நியாங்-ஊவிலிருந்து பழைய பாகன் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், தார் ரோடு, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் கோயில்கள் ரோட்டோரம் வரிசையாக நிற்கவில்லை. மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோயில்களும் ஸ்தூபிகளும் புழுதிக் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்குப் போகிற வழியெல்லாம் மணல். பனை, வேம்பு, முள்மரம். தம்பி பார்த்ததும் "அண்ணே, இது நம்ம ராமநாதபுரம்தான்" என்றான். அந்த முள்ளுக்குத் தேய்ந்த டயர் தாங்காது. மணலில் பிரேக் பிடிக்காத சைக்கிளும் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

அப்புறம் வழிகாட்டி. இருபது வயதுப் பையன். சிரித்த முகம், மரியாதையாகத்தான் பேசினான். அட்டை எங்கே என்று கேட்டதற்கு வீட்டில் இருக்கிறது என்றான். நம் நாட்டில் வழிகாட்டி உரிமம் ஹோட்டல், சுற்றுலா அமைச்சகம் தருவது. படம் ஒட்டிய அட்டையைக் கழுத்தில் போட்டிருப்பார்கள். அட்டை இல்லை என்றதும் நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கிளம்புவோம் என்று அவன் அவசரப்படுத்த, கிளம்பிவிட்டோம்.

ஆனந்தா கோயில் வாசலில் சீட்டு கேட்டார்கள். எங்களிடம் ஏது சீட்டு? பையன் தனியே போய்ப் பேசிவிட்டு வந்து, இப்போது நீங்கள் கட்டிவிடுங்கள், சாயங்காலம் ஆபீசில் திருப்பித் தருவார்கள் என்றான். மூன்று பேருக்கும் கட்டினோம். உள்ளே போனதும் இதை அனோரதா மன்னர் கட்டினார் என்று தொடங்கினான். பிள்ளை மெதுவாக, "கியான்சித்தா, 1105 இல்லையா?" என்று கேட்டாள். போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்றான். அதன்பிறகு அவன் வாயே திறக்கவில்லை. தெற்குப் பக்கத்தில் நிற்கும் புத்தர் தூரத்திலிருந்து பார்த்தால் சிரிப்பார், பக்கத்தில் போனால் முகம் கடுமையாகிவிடும். ஆனந்தாவுக்கு வருகிற யாரும் தவறவிடாத காட்சி அது. அதைக் காட்டியது பூ விற்கிற ஒரு அம்மா.

விஷ்ணு கோயிலுக்குப் போகலாம் என்றோம். நட்லாங் சாங் என்று பெயர். பழைய பாகன் மதிலுக்குள்ளே, தபின்யூ கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. இன்று பாகனில் மிஞ்சி நிற்கும் இந்துக் கோயில் இது ஒன்றுதான். "மூடிவிட்டார்கள், பூகம்பத்துக்குப் பிறகு வேலை நடக்கிறது" என்றான். 2016 ஆகஸ்ட் பூகம்பத்தில் பாகனில் நூற்றுக்கணக்கான கோயில்கள் சேதமானது உண்மை என்பதால் நான் நம்பினேன். பிள்ளை முகம் வாடிவிட்டது. நோட்டை மடித்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன்.

மியின்கபா போனோம். எங்கே போனோம்? ஒரு அரக்குச் சாமான் கடைக்கு. ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்தக் கைவேலையை நான் குறை சொல்ல மாட்டேன். மூங்கிலும் குதிரைமயிரும் சேர்த்துப் பின்னிய கிண்ணத்தை விரலால் அமுக்கினால் வாய் ஒட்டிக்கொள்கிறது, விட்டால் மறுபடி வட்டமாகிறது. அதன் மேல் பூச்சுப் பூசிப் பூசிக் காயவைக்க மாதக்கணக்கில் ஆகும். ஆனால் எங்களுக்குச் சொன்ன விலை, மறுநாள் அதே தெருவில் விசாரித்த விலைக்கு மூன்று மடங்கு. வாங்காமல் எழுந்ததும் பையன் முகம் மாறிவிட்டது. நேரமாகிவிட்டது, இனி மின்னந்தூ கிராமத்துக்குப் போக வேண்டும் என்று கிளப்பினான்.

மியின்கபாவில்தான் மியசேதி இருக்கிறது. கியான்சித்தா மன்னரின் மகன் ராஜகுமாரன் என்பவர் 1113-ல் வெட்டிய கல்வெட்டு. பாலி, மோன், பர்மியம், பியூ என்று ஒரே செய்தி நாலு மொழியில். வழக்கொழிந்துபோன பியூ எழுத்தைப் படிக்க முடிந்ததே அந்தக் கல்லை வைத்துத்தான். நான்பயா கோயிலும் அங்கேதான், உள்ளே தூண்களில் தாமரை ஏந்திய பிரம்மா உருவங்கள். பிள்ளை பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்த இடங்கள் இவை. ஊருக்குள் ஒன்றேகால் மணி நேரம் இருந்துவிட்டு இரண்டில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தோம்.

மூன்றரைக்கு மேல், மின்னந்தூவிலிருந்து திரும்பும் மணல் பாதையில் என் பின் டயர் போயிற்று. முள் ஒரு விரல் நீளம். பையனிடம் பம்பு இல்லை, ஒட்டுப் போடும் சாமான் இல்லை. ஆபீசுக்குப் போன் செய்தான், ஆள் வரும் என்றார்கள், ஒன்றரை மணி நேரம் யாரும் வரவில்லை. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். தண்ணீரும் அதில் அடக்கம் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் கொடுத்த ஆளுக்கு ஒரு பாட்டிலோடு சரி.

இதற்கு நடுவில் அவன் கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்தால் ஒரு கோயில் மேலே ஏற்றி சூரியன் மறைவதைக் காட்டுகிறேன், காவலாளி தெரிந்தவர் என்றான். பாகனில் கோயில்கள் மேல் ஏறுவது தடை. ஏறினால் செங்கல் பெயர்கிறது, விழுந்து செத்தவர்களும் உண்டு. 2019-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. இப்போது சூரியன் பார்க்க என்றே மண்மேடுகள் அமைத்திருக்கிறார்கள், அங்கே போனால் போதும். நான் முடியாது என்றேன். அதற்கப்புறம் அவன் எங்களுக்கு முன்னால் வெகுதூரம் போய்க்கொண்டே இருந்தான். இருட்டிவிட்டது, சைக்கிளில் விளக்கு கிடையாது. தம்பி மனைவி பிரேக் இல்லாத சைக்கிளோடு மணலில் சறுக்கி விழுந்து முழங்கை தேய்ந்துவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, நாலு பேரும் நடந்தே தார் ரோட்டைப் பிடித்தோம்.

கடைக்கு வந்தால் டயர், டியூப், ரிம் எல்லாம் சேர்த்து 1,50,000 கியாட் கேட்டார்கள். ரிம்முக்கு என்ன ஆயிற்று என்றேன். தள்ளிக்கொண்டு வந்ததால் வளைந்துவிட்டதாம். சீட்டுப் பணத்தைக் கேட்டால், "அடக்கம் என்று நாங்கள் சொன்னது சைக்கிளுக்குத்தான், கோயிலுக்கு அல்ல" என்று வாய் கூசாமல் சொன்னார்கள். பாஸ்போர்ட் டிராயரில். தம்பி குடும்பத்துக்கு ஊர் திரும்ப மூன்றே நாள் இருந்தது. சுற்றுலாப் போலீசுக்குப் போவோம் என்றேன். தம்பி பயந்துவிட்டான், "அண்ணே, பாஸ்போர்ட் கிடைத்தால் போதும்" என்றான். அப்படியும் போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் தொகை 70,000 ஆனது. கட்டினேன், பாஸ்போர்ட்டை வாங்கினேன். ரசீது கேட்டதற்குப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

மறுநாள் காலையில் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு குதிரை வண்டி பிடித்தேன். வண்டிக்காரருக்கு அறுபது வயது இருக்கும். விஷ்ணு கோயில் மூடியிருக்கிறதாமே என்றதற்கு, "யார் சொன்னது?" என்று கேட்டார். நேரே கொண்டுபோய் வாசலில் இறக்கினார். கதவு திறந்துதான் இருந்தது, காவலுக்கு ஒரு பெண் இருந்தார். சின்னச் செங்கல் கோயில். வெளிச்சுவர் மாடங்களில் அவதார உருவங்கள், சில உடைந்தும் சில மாடங்கள் வெறுமையாகவும். உள்ளே இருட்டில் பெருமாள். கல்வெட்டு சொல்லும் நானாதேசி விண்ணகர் இதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை என்று பிள்ளையே சொன்னாள். சொல்லிவிட்டு, நோட்டைத் திறந்து அந்தத் தமிழ் வரிகளைச் சத்தமாகப் படித்தாள். வண்டிக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார். பிறகு மியசேதியும் நான்பயாவும் போனோம். எல்லாமாக நாலு மணி நேரம். முந்தின நாள் மொத்தமும் கிடைக்காதது அது.

பாகனில் நல்ல வழிகாட்டிகள் இல்லையென்று நான் சொல்லவில்லை. சைக்கிளும் அந்த ஊரைப் பார்க்க நல்ல வழிதான், டிசம்பர் ஜனவரியில் காலை ஒன்பது வரை குளிர் இருக்கும். ஆனால் வழிகாட்டியோடு போவதென்றால் அந்த ஆளை முதல் நாளே நேரில் பார்த்து, அட்டையைப் பார்த்து, போக வேண்டிய கோயில்களின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சீட்டை உங்கள் கையால் வாங்குங்கள். முழுப் பணத்தையும் கிளம்பும் முன் கொடுக்காதீர்கள். சைக்கிளைக் கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டி இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், பம்பும் ஒட்டுச் சாமானும் யார் பையில் இருக்கிறது என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், நகல் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

சீட்டுப் பணத்துக்காக இதுவரை ஐந்து தடவை செய்தி அனுப்பிவிட்டேன். படித்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை. அந்தக் குதிரை வண்டிக்காரரின் எண் என்னிடம் இருக்கிறது. போகிறவர்கள் யாங்கோன் காளியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்தால் தருகிறேன்.