கார்க் ஓப்பனர்கள்: நெம்புகோலைப் பார்க்கும் முன் சுருளைப் பாருங்கள்

ஒயின் பாட்டிலின் வாய்ப்பகுதியில் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. அதில் அடைக்கும் கார்க்கின் இயல்பான விட்டமோ 24 மி.மீ. இயந்திரம் நாலாபக்கமும் நெருக்கி உள்ளே தள்ளியதும் கார்க் மறுபடி விரியப் பார்க்கிறது, கண்ணாடி இடம் கொடுப்பதில்லை. பாட்டில் ஆண்டுக்கணக்கில் கசியாமல் இருப்பது இந்த நெருக்கத்தால்தான். திறக்கும்போது நமக்கு எதிராக நிற்பதும் இதுவேதான். நல்ல நிலையில் உள்ள ஒரு கார்க்கை அசைக்க 20 முதல் 30 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை வேண்டியிருக்கும், இறுகிப்போனதென்றால் 40-ஐயும் தொடும். அசைந்துவிட்டால் பிறகு சுலபம். மேலே வர வர கண்ணாடியைத் தொடும் பரப்பு குறையும், கூடவே விசையும் குறையும்.

ஆகவே எந்த ஓப்பனருக்கும் வேலை இரண்டு: கார்க்கைக் கிழிக்காமல் பிடிப்பது, நேராக இழுப்பது. விளம்பரங்கள் பேசுவதெல்லாம் இழுப்பதைப் பற்றி. ஆனால் கார்க் பாழாவது பெரும்பாலும் பிடிப்பதில்தான்.

சுருள்

சுருள் இரண்டு வகை. ஒன்று, கம்பியை வளையம் வளையமாகச் சுற்றியது, நடுவே வெற்றிடம். நுனிப் பக்கமிருந்து ஒரு தீக்குச்சியை விட்டால் தடையில்லாமல் உள்ளே போகும். மற்றது, நடுவில் தடித்த தண்டும் அதைச் சுற்றி மரையும் உள்ளது.

வெற்றிடச் சுருள் கார்க்கை அதிகம் வெட்டாமல், விலக்கிக்கொண்டு நுழையும். இழுக்கும்போது ஒவ்வொரு சுற்றும் தனக்கு மேலே உள்ள கார்க்கைத் தாங்கிப் பிடிக்கும். தண்டுச் சுருள் இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. கார்க்கின் நடுப்பகுதியைத் துளைத்துப் பொடியாக்குவது ஒன்று. தண்டின் பருமனுக்கு இடம் விட கார்க் பக்கவாட்டில் விரிந்து, கண்ணாடியை முன்னைவிட இறுக்கிப் பிடிப்பது இன்னொன்று. அதாவது, வெளியே எடுக்க வேண்டிய பொருளை முதலில் இன்னும் இறுக்கிவிட்டு, பிறகு இழுக்கிறோம். கார்க் கொஞ்சம் பழையதாக இருந்தால் நடுவில் ஓட்டை போட்டுவிட்டுச் சுருள் மட்டும் கையோடு வந்துவிடும்.

அளவுகளையும் சொல்லிவிடலாம். கார்க்குகள் 38, 44, 49 மி.மீ. நீளங்களில் வரும், நெடுநாள் வைத்திருக்கும் ஒயின்களில் 54 கூட உண்டு. எனவே சுருளுக்கு ஐந்து சுற்றாவது வேண்டும், நீளம் 45 முதல் 50 மி.மீ. இருக்க வேண்டும். வெளிவட்டம் 8 அல்லது 9 மி.மீ. போதும், கம்பியின் தடிமன் 3 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. நுனி கூர்மையாக, சுருளின் வட்டத்திலேயே இருக்க வேண்டும், மையத்துக்கு வளைந்திருந்தால் வேண்டாம். மேலே டெஃப்லான் பூச்சு இருந்தால் நுழைவது இலகு. ஒரு ஓப்பனரை எடைபோட இந்தச் சில விவரங்கள் போதும். கைப்பிடி ரோஸ்வுட்டா, கொம்பா என்பதெல்லாம் அழகுக்கு.

வெறும் 'டி' வடிவத் திருகி

மேலே ஒரு குறுக்குக் கட்டை, கீழே சுருள். நெம்புகோல் இல்லாததால் அந்த 25 கிலோவையும் தோளும் முதுகும்தான் தர வேண்டும். கார்க் சட்டென விடுபடும்போது பாட்டில் குலுங்கி, அடியில் படிந்த வண்டல் கலங்கிவிடும். இன்று இதை வாங்கக் காரணமே இல்லை. ஆனால் இதில் நடந்த ஒரு திருத்தம் கவனிக்கத்தக்கது. 1795-இல் சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலப் பாதிரியார் சுருளின் தலைப்பில் ஒரு சிறு வட்டத் தகடு பொருத்திக் காப்புரிமை பெற்றார். சுருள் முழுதும் இறங்கியதும் தகடு கார்க்கின் தலையில் முட்டும். அதற்கு மேலும் திருகினால் சுருள் உள்ளே போகாது, கார்க்கே சுழலும். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பிடி அந்தச் சுழற்சியில் விட்டுப்போகும். நேராக இழுத்து விடுவிப்பதைவிட முறுக்கி விடுவிப்பது எளிது என்ற இந்தப் பாடம் இன்றைய பாட்டில்களுக்கும் பொருந்தும்.

மடக்கு ஓப்பனர்

உணவக மேசைகளில் பரிமாறுபவர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பது இது. ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரைச் சேர்ந்த கார்ல் வீன்கே 1882-இல் காப்புரிமை பெற்ற வடிவம். கைப்பிடி, ஒரு முனையில் சிறு கத்தி, நடுவில் மடங்கும் சுருள், மறுமுனையில் பாட்டில் விளிம்பில் ஊன்றும் கால். ஊன்றுகாலிலிருந்து சுருள் 3 செ.மீ. தள்ளி, கைப்பிடியின் நுனி 11 செ.மீ. தள்ளி இருப்பதால் நம் கைவிசை மூன்றரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. 25 கிலோ கேட்கும் கார்க்குக்குக் கை தர வேண்டியது 7 கிலோ.

பழைய ஒற்றைப்படி மாடலின் குறை சாய்வு. ஊன்றுகால் ஒரு பக்கமாக நிற்பதால் கைப்பிடி உயர உயர சுருள் சாய்கிறது, கார்க்கும் வளைகிறது. 49 மி.மீ. கார்க் என்றால் அடிப்பகுதி உள்ளே நிற்கும்போதே தலை வெளியே வளைந்து, இடையில் முறியும். புல்டாப்ஸ் என்ற பெயரில் விற்கும் ரகத்தில் வரும் இரட்டைப்படி ஊன்றுகால் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டது. முதல் படியில் பாதி, இரண்டாம் படியில் மீதி என்று இரண்டு குறுகிய இழுப்புகளாகப் பிரிந்துவிடுவதால் சாய்வு குறைவு. ஒற்றைப்படி வாங்குவதில் இன்று அர்த்தமில்லை.

எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் ஃபாயில் உறையைக் கழுத்தின் கீழ் விளிம்புக்கு அடியில் வெட்டி எடுங்கள். மேல் விளிம்பில் வெட்டினால் ஊற்றும்போது ஒயின் உறையைத் தொட்டு வரும். அடுத்து, சுருளின் நுனியைக் கார்க்கின் நடுமையத்தில் வைக்காதீர்கள். நுனி சுருளின் வட்டத்தில் இருப்பதால், மையத்தில் குத்தினால் முழுச் சுருளும் ஒரு பக்கம் ஒதுங்கிப் போய்க் கண்ணாடியை உரசும். மையத்திலிருந்து 3 மி.மீ. தள்ளிக் குத்துங்கள். அரைச் சுற்று வரை கைப்பிடி கொஞ்சம் சாய்ந்திருக்கும், அதற்குள் நிமிர்த்தி நேராக்கிவிட்டால் சுருளின் அச்சு கார்க்கின் அச்சோடு சேர்ந்துவிடும்.

44 மி.மீ. கார்க் என்றால் ஒரு சுற்று வெளியே தெரியும்போது நிறுத்தலாம். அடி துளைபட்டால் துகள் ஒயினில் விழும். நீளமான கார்க்குக்கு முழுச் சுற்றும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பாகத்தைப் பிடிக்க எதுவும் இல்லாமல் பாதியில் அறும். பாட்டிலில் எழுதாததால் நீளம் முன்கூட்டித் தெரியாது. எனவே முதல் படியில் தூக்கிய பிறகு நின்று பாருங்கள். கார்க் இன்னும் ஆழத்தில் தெரிந்தால் இன்னொரு சுற்று இறக்கிவிட்டு இரண்டாம் படிக்குப் போங்கள். இழுக்கும்போது இடக்கை ஊன்றுகாலையும் பாட்டில் கழுத்தையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். கால் நழுவினால் கண்ணாடி விளிம்பு பெயரும். கடைசி அரை சென்டிமீட்டரைக் கையால் லேசாக ஆட்டி எடுத்தால் சத்தமும் தெறிப்பும் இருக்காது.

இறக்கை ஓப்பனர்

சமையலறை இழுப்பறைகளில் மிக அதிகம் காணப்படுவது இதுதான், மிக அதிகமாகக் கார்க்கை நொறுக்குவதும் இதுதான். சட்டகத்தைப் பாட்டில் வாயில் உட்காரவைத்துத் தலையைத் திருகினால் இரு பக்க இறக்கைகள் உயரும், பிறகு அவற்றைக் கீழே அழுத்தினால் பற்சக்கரங்கள் தண்டை மேலே தூக்கும். யோசனை பழுதில்லாதது. சட்டகம் பாட்டிலின் மேல் சமமாக நிற்பதால் இழுப்பு நேராக இருக்கிறது, இந்த ஒன்றில் மடக்கு ஓப்பனரைவிட இது மேல். குற்றம் சுருளில். மலிவான மாடல்களில் வருவது தண்டுச் சுருள்தான், நீளமும் போதாது. பற்களின் நீளம் முடிந்ததும் தூக்குவது நின்றுவிடும், நீண்ட கார்க் பாதி உள்ளே நிற்கும். அப்போது இறக்கைகளைத் திரும்ப உயர்த்தி மறுபடி திருகத்தான் செய்வார்கள், ஏற்கெனவே துளைபட்ட இடத்திலேயே சுருள் சுற்றி இன்னும் பொடியாகும். அதைவிட, சட்டகத்தோடு சேர்த்துப் பிடித்து மெதுவாக முறுக்கி இழுப்பது நல்லது.

வெற்றிடச் சுருள் வைத்த இறக்கை ஓப்பனர்களும் உண்டு. கையில் பலம் குறைந்தவர்களுக்கு அவை நல்ல தேர்வு. தீக்குச்சிச் சோதனையில் தேறாததைத் தொடவே வேண்டாம்.

தொடர்த் திருகல், லிவர், மின்சாரம்

ஹெர்பர்ட் ஆலன் டெக்சாஸில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளை வடிவமைத்த பொறியாளர். துளையிடும் தொழிலில் கற்றதை அவர் 1970களின் இறுதியில் கார்க்குக்குக் கொண்டுவந்தார். அதுதான் ஸ்க்ரூபுல். நீண்ட, மெல்லிய, டெஃப்லான் பூசிய சுருள், பாட்டில் வாயில் உட்காரும் சட்டகம். ஒரே திசையில் திருகிக்கொண்டே இருந்தால் போதும். கைப்பிடி சட்டகத்தில் முட்டிய பிறகு சுருள் கீழே போக முடியாததால் கார்க் சுருளின்மீது ஏறி மேலே வருகிறது. இழுப்பதே இல்லை, சாய்வதும் இல்லை. முதன்முதலாக ஓப்பனரைத் தொடுபவர்களுக்கு இதைவிட நம்பகமான கருவி கிடையாது. பூச்சு தேய்ந்தால் திருகுவது கனக்கும், செயற்கைக் கார்க்கைச் சுருளிலிருந்து கழற்றுவதும் சற்றுச் சிரமம். அதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை.

லிவர் வகை இரு பிடிகளால் கழுத்தைக் கவ்வும். லிவரை ஒரு பக்கம் தள்ளினால் சுருள் தானே சுழன்று இறங்கும், திரும்பத் தள்ளினால் கார்க் வெளியே. சில நொடி வேலை, விருந்தில் வரிசையாகத் திறக்க ஏற்றது. ஆனால் வேகமே அதன் பலவீனமும். சுருள் இறங்கும் அழுத்தம் தளர்ந்த கார்க்கை உள்ளே தள்ளிவிடும், விரல்களுக்கு எச்சரிக்கை எதுவும் வராது. விளிம்பு அகலமான பாட்டில்களில் பிடி சரியாகக் கவ்வாது. சுருளைத் தனியாக மாற்ற முடிகிற மாடலை மட்டும் வாங்குங்கள், முதலில் தேய்வது அதுதான்.

மின்சார வகையில் பொத்தானை அழுத்துவதைத் தவிர நமக்கு வேலையில்லை. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம். பேட்டரி தளர்ந்தால் சுருள் பாதியில் நின்றுவிடும். அடர்த்தியான செயற்கைக் கார்க்கில் அது சீக்கிரமே நடக்கும். நின்றால் திசை மாற்றிச் சுருளை வெளியே எடுத்துவிட்டு, வேறு கருவியால் முடியுங்கள்.

காற்றுப் பம்பு

ஊசியால் கார்க்கைத் துளைத்து உள்ளே காற்றடித்து வெளியே தள்ளுவது. இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். 18.5 மி.மீ. வாயின் பரப்பு 2.7 சதுர செ.மீ. 20 கிலோ கேட்கும் கார்க்கைக் காற்றால் மட்டும் தள்ள 7 பார் அழுத்தத்துக்கு மேல் வேண்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஷாம்பெயின் பாட்டிலுக்குள் இருப்பது சுமார் 6 பார், அதற்காகவே அதன் கண்ணாடி தடித்தது. சாதாரண ஒயின் பாட்டில் அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. கீறல் விழுந்த பாட்டிலிலோ, சதுர, தட்டை வடிவப் பாட்டிலிலோ இதைச் செய்வது ஆபத்து.

இரட்டைத் தகடு

சுருளே இல்லாத ஒரே நல்ல ஓப்பனர். 1879-இல் லூசியன் மம்ஃபோர்ட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கைப்பிடியின் கீழ் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள், ஒன்று சற்று நீளம். நீளமானதை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே நுழைக்க வேண்டும், பிறகு குட்டையானதை. இரு பக்கமும் மாறி மாறிச் சாய்த்து, கைப்பிடி கார்க்கைத் தொடும்வரை இறக்குங்கள். பிறகு முறுக்கிக்கொண்டே மேலே இழுங்கள். ஹென்ஷாலின் தகடு செய்த வேலையை இதுவும் செய்கிறது. கார்க்கில் ஒரு துளைகூட விழாது. அடைப்புக்கு வேண்டுமானால் அதே வழியில் திரும்ப நுழைக்கவும் முடியும்.

இருபது, முப்பது ஆண்டு பழைய பாட்டிலில் கார்க்கின் அடிப்பாகம் ஊறி மெத்தென்று இருக்கும், அங்கே சுருள் பிடிக்க உறுதி இருக்காது. பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் தகடுகள் அங்கேதான் கைகொடுக்கும். சொல்லியே ஆக வேண்டிய குறை ஒன்று: கார்க் சுருங்கித் தளர்ந்திருந்தால், தகடு இறங்கும் அழுத்தத்தில் அது உள்ளே விழும். முதல் சாய்ப்பிலேயே கார்க் கீழே நகர்ந்தால் நிறுத்திவிடுங்கள். இந்தச் சிக்கலுக்கென்றே சுருளையும் தகடுகளையும் இணைத்த டூராண்ட் என்ற ஓப்பனர் வந்தது. முதலில் சுருள் இறங்கிக் கார்க்கைத் தாங்கிக்கொள்கிறது, பிறகு அதன்மேல் தகடுகள் இறங்குகின்றன. பழைய பாட்டில்கள் சேர்ப்பவர்களுக்கு இது அவசியம், மற்றவர்களுக்கு இரட்டைப்படி மடக்கு ஓப்பனரே போதும்.

முறிந்துவிட்டால்

பாதிக் கார்க் உள்ளே நின்றால் பழைய துளையில் மறுபடி திருகாதீர்கள். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, மடக்கு ஓப்பனரின் சுருளை ஓரத்தில், 45 பாகை சாய்வில் நுழையுங்கள். கார்க் கண்ணாடியில் ஒரு பக்கம் அழுந்துவதால் கீழே நழுவாது. மூன்று சுற்று போதும், பிறகு மெதுவாக இழுங்கள். மெழுகு பூசிய பாட்டிலில் மெழுகைச் சுரண்ட வேண்டாம். அதன் வழியாகவே திருகி, கார்க்கைப் பாதி தூக்கி, உடைந்த மெழுகுத் துகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீதியை எடுங்கள்.

எதற்கும் அசையாவிட்டால் உள்ளே தள்ளிவிடலாம். மெதுவாகத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று நெருங்கி ஒயினை முகத்தில் அடிக்கும். ஊற்றும்போது மிதக்கும் கார்க் வாயை அடைத்தால் மெல்லிய குச்சியால் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். துகள்களுக்கு, வெந்நீரில் அலசிப் பிழிந்த மஸ்லின் துணி இரண்டு மடிப்பு போதும்.